கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு எந்த ஓஎஸ்? ஆடி முடிவதற்குள் மாற்ற வேண்டும்

கொழிஞ்சாம்பாறை ஸ்டூடியோ · ஞாயிறு இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ நடத்துகிறேன். ஒரு வாரம் பொள்ளாச்சிப் பக்கம் தமிழ்க் கல்யாணம், மறுவாரம் சித்தூர், நெம்மாறைப் பக்கம் மலையாளக் கல்யாணம் என்று பிழைப்பு ஓடுகிறது. இப்போது நமக்கு ஆடி, அவர்களுக்குக் கர்க்கடகம். இரண்டு பக்கமும் முகூர்த்தம் இல்லை. சிஸ்டத்தை மாற்றுவதானால் இந்த ஒரு மாதம்தான். ஆவணி பிறந்துவிட்டால் உட்கார நேரம் இருக்காது.

இருப்பது ஐ7 7700, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, விண்டோஸ் 10. எடியஸ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரின் பழைய பதிப்பில் கட் பண்ணுகிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் இன்டெல்லில் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கிறது, என்னுடையது 7. இதோடு, கலர் வேலைக்காக டாவின்சி ரிசால்வ் சாஃப்ட்வேருக்கு மாறவும் நெடுநாள் ஆசை.

கையில் 70,000 ரூபாய் இருக்கிறது. விண்டோஸ் 11-க்குப் புது போர்டும் பிராசஸரும் வாங்குவதா, மேக் மினி வாங்குவதா, இல்லை இதே சிஸ்டத்தில் லினக்ஸ் போட்டு காசை மிச்சம் பிடிப்பதா என்று தெரியவில்லை. லினக்ஸ் யோசனை என் மகள் சொன்னது. எட்டாவது படிக்கிறாள். பள்ளியில் லினக்ஸில்தான் வீடியோ கட் பண்ணிப் பழகினாளாம். "அப்பா, உங்களுக்கு மட்டும் ஏன் விண்டோஸ் வேணும்?" என்று கேட்டாள், பதில் சொல்லத் தெரியவில்லை.

புளியரைக் கலரிஸ்ட் · ஞாயிறு இரவு 10.25

வணக்கம் அண்ணாச்சி. ஓஎஸ்ஸைக் கடைசியில் பார்ப்போம். முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். கேமரா கார்டில் என்ன வகைக் கோப்பு வருகிறது? முடித்த வேலையை யாரிடம் கொடுக்கிறீர்கள், வீடியோவாகவா பிராஜெக்ட்டாகவா? பழைய கல்யாணங்களைத் திறந்து திருத்த வேண்டி வருமா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் ஓஎஸ் தானாகவே முடிவாகிவிடும். நான் பத்து வருஷத்துக்கு மேல் லினக்ஸில் ரிசால்வ் ஓட்டுகிறேன். அதனால் லினக்ஸ் வேண்டாம் என்று சொல்ல வந்தவன் இல்லை.

கொழிஞ்சாம்பாறை ஸ்டூடியோ · ஞாயிறு இரவு 10.50

சோனி ஏ7 3 இரண்டு, 4கே 25 ஃபிரேம், 100 எம்பிபிஎஸ். கூட வரும் தம்பி ஏ7 4 வைத்திருக்கிறான், அதில் 10-பிட் 4:2:2 எச்.265 எடுக்கிறான், நிறத் தகவல் அதிகம் உள்ள கனமான கோப்பு. ட்ரோன் வாடகைக்கு. மணமகள் வீட்டார் மொபைலில் எடுத்ததும் கொஞ்சம் வந்து சேரும்.

பெரும்பாலும் வீடியோவாகத்தான் கொடுக்கிறேன். ஆனால் கோயம்புத்தூரில் ஒரு ஸ்டூடியோவுக்கு மாதம் இரண்டு மூன்று வேலை செய்து கொடுக்கிறேன், அவர்கள் அடோபி பிரீமியர் சாஃப்ட்வேரின் பிராஜெக்ட்டாகவே கேட்கிறார்கள். அதற்கு அவர்கள் இடத்துக்கே போய் உட்காருகிறேன். பழைய எடியஸ் பிராஜெக்ட் நிறைய இருக்கிறது. வளைகாப்புக்கும் காதுகுத்துக்கும் கூப்பிடும்போது "கல்யாண வீடியோவில் இருந்து கொஞ்சம் சேர்த்துப் போடுங்க" என்பார்கள்.

புளியரைக் கலரிஸ்ட் · ஞாயிறு இரவு 11.40

சரி, இப்போது பேசலாம்.

ரிசால்வ் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். உண்மைதான். ஆனால் மூன்றிலும் ஒரே ரிசால்வ் இல்லை. லினக்ஸில் இலவசப் பதிப்பு எச்.264, எச்.265 என்ற சுருக்க முறைகளில் பதிவான கோப்புகளைத் திறக்காது. உங்கள் சோனி கேமரா, ட்ரோன், மொபைல் எல்லாமே இந்த இரண்டில் ஒன்றுதான். கோடெக் எனப்படும் அந்தச் சுருக்க முறைகளுக்கு உரிமக் கட்டணம் உண்டு. மேக்கில் இரண்டும், விண்டோஸில் எச்.264-உம் ஓஎஸ்ஸோடு சேர்ந்து வருகின்றன, லினக்ஸில் அப்படி யாரும் சேர்த்துத் தருவதில்லை. 295 டாலர் ஸ்டூடியோ பதிப்பு வாங்கினால் நிவிடியா கார்டு வழியாகத் திறக்கும். அப்போதும் ஒலியில் ஒரு சிக்கல் உண்டு. மொபைல் ஏஏசி என்ற சுருக்க வடிவில் ஒலி தருகிறது, லினக்ஸ் ரிசால்வ் பல பதிப்புகளாக அதை எடுத்ததே இல்லை, ஸ்டூடியோ வாங்கியவர்களுக்கும்கூட. சோனியின் எக்ஸ்ஏவிசி எஸ் கோப்பில் இருப்பது பிசிஎம் என்ற சுருக்காத ஒலி என்பதால் அதற்கு இந்தச் சிக்கல் இல்லை.

அப்படியானால் நான் எப்படிச் சமாளிக்கிறேன்? எல்லாவற்றையும் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியில், எடிட்டிங்குக்கு ஏற்ற புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் தொடங்குவேன். எனக்கு வருவது விளம்பரமும் குறும்படமும், மொத்தமே ஒரு மணி நேரக் காட்சி இருக்கும். உங்களுக்கு அப்படி இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 45 ஜிபி. ஆறு மணி நேரக் காட்சி 270 ஜிபி. அதையே 4கே புரோரெஸ் 422 ஆக மாற்றினால் 25 ஃபிரேமில் சுமார் 490 எம்பிபிஎஸ், மணிக்கு 220 ஜிபி, மொத்தம் 1,300 ஜிபிக்கு மேல். ஒரே கல்யாணத்துக்கு! 1080-இல் மாற்றினால் மணிக்கு 55 ஜிபியில் அடங்கும். பார்ட்டிக்கு 1080தான் கொடுக்கிறீர்கள் என்றால் அது நடக்கும் காரியம். ஆனால் 4கேயில் எடுத்துவிட்டு குளோசப்புக்குப் பெரிதாக்கும் வசதி போய்விடும்.

லினக்ஸில் ரிசால்வுக்கு அதிகாரபூர்வ ஆதரவு ராக்கி லினக்ஸுக்கு. முன்பு சென்டோஸ் இருந்தது. சென்டோஸ் 8 2021 டிசம்பரோடு நிறுத்தப்படும் என்று 2020-இல் அறிவிப்பு வந்ததும் அதன் நிறுவனர்களில் ஒருவரான கிரெகரி கர்ட்சர் தொடங்கியது ராக்கி. உபுண்டுவிலும் மின்ட்டிலும் ரிசால்வ் போட முடியும், பலர் போட்டிருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் பின்னால் ஏதாவது லைப்ரரியைத் தேடி அலைய நேரம் இருக்க வேண்டும்.

வேலந்தாவளம் டீச்சர் · திங்கள் காலை 7.15

உங்கள் மகள் கேட்ட கேள்வியைப் படித்து மனம் நிறைந்துவிட்டது தம்பி. நானும் தமிழ் வழிப் பள்ளியில் வேலை பார்க்கிறவள்தான். கேரளப் பள்ளிகளில் அரசின் கைட் நிறுவனம் தருவது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ். அதன் லிட்டில் கைட்ஸ் மாணவர் மன்றப் பிள்ளைகள் கேடென்லைவ் என்ற இலவச எடிட்டரில் கலைவிழா வீடியோவை அவர்களே கட் பண்ணி, பெயர் போட்டு, பாட்டு சேர்த்து முடித்துவிடுகிறார்கள். அதில் எச்.264 சிக்கல் கிடையாது. மொபைல் வீடியோவை அப்படியே இழுத்துப் போடலாம், ஒலியும் வரும். காசு இல்லை, திருட்டுப் பிரதியும் இல்லை.

அதனால் "லினக்ஸில் முடியாது" என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். ரிசால்வின் இலவசப் பதிப்புக்கு இருக்கிற தடை அது, லினக்ஸுக்கு உள்ள தடை இல்லை.

புளியரைக் கலரிஸ்ட் · திங்கள் காலை 7.50

டீச்சர் சொல்வது முற்றிலும் சரி. நான் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். கேடென்லைவ், ஷாட்கட் இரண்டுமே உள்ளுக்குள் எஃப்எஃப்எம்பெக்கைப் பயன்படுத்துவதால் ஏறக்குறைய எந்தக் கோப்பையும் திறக்கும். மூன்று மணி நேரக் கல்யாணத்தை மூன்று கேமராவில் கட் பண்ணி, அப்புறம் தோல் நிறம் சரிபண்ண வேண்டும் என்றால்தான் ரிசால்வ் கைகொடுக்கும்.

நகரி எடிட்டர் · திங்கள் பகல் 1.05

நகரியிலிருந்து எழுதுகிறேன் அண்ணா. நமக்கும் இதே கதைதான், ஒரு பக்கம் திருத்தணி, ஒரு பக்கம் புத்தூர். தமிழும் தெலுங்குமாக வேலை.

என் ஓட்டு விண்டோஸ் 11. காரணம் உங்கள் கோயம்புத்தூர் வேலை. பிரீமியர் லினக்ஸில் இல்லவே இல்லை. எடியஸ் விண்டோஸில் மட்டும்தான், மேக்கிலும் இல்லை. பழைய பிராஜெக்ட்டைத் திறக்க வேண்டும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதோடு அந்தத் தம்பியின் 10-பிட் 4:2:2 கோப்பு. அது எந்தச் சிஸ்டத்தையும் திணற வைக்கும். உங்கள் 1060-ஆல் அதைப் பிரிக்க முடியாது. 4:2:2-ஐப் பிரிக்கும் வசதி நிவிடியாவில் 50 வரிசையில்தான் வந்தது. ஆனால் இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸே 10-பிட் 4:2:2 எச்.265-ஐப் பிரித்துவிடும். அதனால் பெயருக்குப் பின்னால் எஃப் இல்லாத பிராசஸராகப் பார்த்து வாங்குங்கள். எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. கொஞ்சம் காசு மிச்சம் என்று கடையில் எஃப்பைத் தலையில் கட்டுவார்கள்.

இன்னொன்று மனசு விட்டுச் சொல்கிறேன். கிராக் போட்ட சாஃப்ட்வேரைத் தொடாதீர்கள். நான்கு வருஷத்துக்கு முன் ஒரு கடையில் சிஸ்டம் அசெம்பிள் பண்ணும்போதே "எல்லாம் போட்டுத் தந்திருக்கோம்" என்று பிளகின் மூட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். நானும் வாங்கி வந்தேன். ஒரு நாள் காலை எல்லாக் கோப்புக்கும் பின்னால் வேறு பெயர், எதுவும் திறக்கவில்லை, பணம் கேட்டு ஒரு குறிப்பு. இரண்டு கல்யாணம் போனது. ஒன்றுக்கு மெமரி கார்டு அழிக்காமல் இருந்தது. இன்னொன்றுக்கு இல்லை. அந்தப் பெண்ணின் அப்பா என்னைத் திட்டவில்லை. "என் அம்மா அதுல இருந்தாங்க, அவங்க இப்ப இல்லப்பா" என்று மட்டும் சொன்னார். இன்றும் அந்தத் தெருப் பக்கம் போனால் எனக்கு நடை தடுமாறும். அன்றிலிருந்து காசு கொடுத்தது அல்லது இலவசமாகவே தருவது, இரண்டைத் தவிர வேறு எதையும் போடுவதில்லை.

கொழிஞ்சாம்பாறை ஸ்டூடியோ · திங்கள் இரவு 9.10

படித்துவிட்டு முதல் வேலையாக ஆடிக்கு முந்தின நான்கு கல்யாணத்தையும் இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி போட்டுவிட்டேன் அண்ணா. அந்த டிஸ்க்கை மச்சான் வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன்.

குமுளி ட்ரோன் · செவ்வாய் காலை 6.30

மேக் பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன். எம்4 மேக் மினி 2024-இல் வந்தபோது 59,900 ரூபாய், அடிப்படை மாடலிலேயே 16 ஜிபி ரேம். 4:2:2 எச்.265 எல்லாம் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. முக்கியமாக, ரிசால்வ் இலவசப் பதிப்பிலேயே வன்பொருள் வேகம் கிடைக்கிறது. விண்டோஸிலும் லினக்ஸிலும் அந்த வேகத்துக்கு ஸ்டூடியோ பதிப்பு வாங்க வேண்டும். மலையில் கரண்ட் அடிக்கடி போகும். சின்ன யூபிஎஸ்ஸிலேயே தாக்குப்பிடிக்கும், அவ்வளவு குறைவாகத்தான் மின்சாரம் இழுக்கிறது.

குறையும் சொல்லிவிடுகிறேன். ரேமைப் பின்னால் கூட்ட முடியாது, வாங்கும்போது எடுத்ததுதான். உள்ளே 256 ஜிபி என்பது ஒரு கல்யாணத்துக்கே காணாது, வெளியே எஸ்எஸ்டி கட்டாயம். அப்புறம், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் பண்ணிய டிஸ்க்கை மேக் படிக்கும், அதில் எழுதாது. உங்கள் பழைய டிஸ்க் எல்லாம் அப்படித்தான் இருக்கும். பார்ட்டிக்குக் கொடுக்கும் பென்டிரைவை எக்ஸ்ஃபேட் ஆக்கிவிட்டால் இரண்டிலும் வேலை செய்யும்.

கொழிஞ்சாம்பாறை ஸ்டூடியோ · செவ்வாய் இரவு 8.45

ஒரு முக்கியமான விஷயம் கேட்க மறந்துவிட்டேன். டைட்டில். தமிழ் வீட்டாருக்குத் தமிழில், மலையாள வீட்டாருக்கு மலையாளத்தில், கலப்புக் கல்யாணம் என்றால் இரண்டிலும் பெயர் போட வேண்டும். இப்போது தமிழுக்குப் பாமினி, மலையாளத்துக்கு ஒரு பழைய எழுத்துரு என்று ஓட்டுகிறேன். யூனிகோடில் அடித்தால் சில சாஃப்ட்வேரில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கிறது. போன மாதம் ஒரு மணமகன் பெயரே உடைந்து வந்தது, ரெண்டர் முடிந்த பிறகுதான் பார்த்தேன். எந்த ஓஎஸ்ஸில் இது ஒழுங்காக வரும்?

களியக்காவிளை கேமரா · செவ்வாய் இரவு 10.00

வாங்க, இது நம்ம ஏரியா. பாறசாலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில் இருந்துகொண்டு நாங்கள் தினம் படும் பாடு இது.

இதற்கு ஓஎஸ்ஸைக் குறை சொல்ல முடியாது. மூன்று ஓஎஸ்ஸுமே தமிழையும் மலையாளத்தையும் சரியாகத்தான் காட்டும். எடிட்டிங் சாஃப்ட்வேர் தனக்குள் எழுத்தை எப்படிக் கோக்கிறது என்பதில்தான் பிரச்சனை. "கொ" என்று அடித்தால் உள்ளே இருப்பது க என்ற எழுத்தும் ஒ என்ற குறியும், இரண்டே இரண்டு. அதைக் கொம்பு, க, கால் என்று மூன்றாகப் பிரித்து முன்னும் பின்னும் அடுக்கும் வேலையைச் சாஃப்ட்வேர் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் உடையும். பாமினி உடையாததற்குக் காரணம், அதில் அந்த வேலையே இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறார்கள், கொம்பை நாமே முதலில் அடிக்கிறோம். அதனால்தான் ஸ்டூடியோக்காரர்கள் இன்றும் அதை விடவில்லை.

பிரீமியர் என்றால் கிராபிக்ஸ் அமைப்பில் எழுத்து எஞ்சினைத் தெற்காசிய மொழிகளுக்கு உரியதாக மாற்றுங்கள், சரியாகிவிடும். கேடென்லைவ் க்யூடி என்ற அடித்தளத்தில் எழுதப்பட்டது, தமிழும் மலையாளமும் அப்படியே ஒழுங்காக வரும். ரிசால்வுக்கு நான் ஒரே வழிதான் வைத்திருக்கிறேன். டைட்டிலை இங்க்ஸ்கேப் என்ற வரைகலைச் சாஃப்ட்வேரில் செய்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து டைம்லைனில் வைத்துவிடுவேன். எந்த ஓஎஸ்ஸுக்கு மாறினாலும் அந்தப் படம் உடையாது.

எழுத்துருவுக்கு சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவின் தளத்தைப் பாருங்கள். மலையாளத்துக்கு ரச்சனா, மீரா, மஞ்சரி, தமிழுக்கு மீரா இனிமை, எல்லாம் இலவசம். ரச்சனாவைக் குறிப்பாகச் சொல்கிறேன். 1971-இல் மலையாள எழுத்தைத் தட்டச்சுக்காகச் சீர்திருத்தினார்கள். அதற்கு முந்தைய கூட்டெழுத்துகள் எல்லாம் ரச்சனாவில் இருக்கின்றன. வயதான அம்மம்மாக்கள் அந்தப் பழைய லிபியில் பேத்தி பெயரைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டதுண்டு.

நகரி எடிட்டர் · செவ்வாய் இரவு 10.20

தெலுங்கில் இன்னும் கஷ்டம் அண்ணே, ஒத்தெழுத்து அடியில் போய் உட்கார வேண்டும். நானும் பிஎன்ஜி வழிதான்.

வேலந்தாவளம் டீச்சர் · புதன் காலை 7.00

ஒரு வேண்டுகோள். டைட்டிலில் ஊர்ப் பெயரையும் ஒருமுறை வீட்டாரிடம் காட்டிச் சரிபாருங்கள். எருத்தேன்பதி, வடகரப்பதி எல்லாம் ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறார்கள்.

புளியரைக் கலரிஸ்ட் · புதன் காலை 9.30

அண்ணாச்சி, கையில் ஒரு மாதம் இருக்கிறது. 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று தனியாக வாங்கி, அதில் லினக்ஸ் போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டே செய்யுங்கள், தெரியாமல் அழிந்துவிடக் கூடாது.

கொழிஞ்சாம்பாறை ஸ்டூடியோ · அடுத்த புதன் இரவு 10.15

செய்து பார்த்தேன். கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

சித்தூர் கொங்கன் படைத் திருவிழாவில் எடுத்த இரவுக் காட்சி ஒன்றரை மணி நேரம் இருந்தது. அதை வைத்துக்கொண்டேன். லினக்ஸ் போட்டது மகள்தான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கேடென்லைவில் முதல் நாளே ஐந்து நிமிடத் துண்டு ஒன்று கட் பண்ணிவிட்டேன். பிராக்ஸி (கட் பண்ணுவதற்கு மட்டும் ஒரு சின்ன நகல்) போட்டதும் 4கேயும் தடங்கல் இல்லாமல் ஓடியது. தமிழ் டைட்டில் பளிச்சென்று வந்தது, கொம்பும் காலும் அதனதன் இடத்தில். இவ்வளவு நல்ல பொருளை இத்தனை வருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்கானது என்று நினைத்திருந்தது தப்பு.

ரிசால்வுக்கு, சொன்னபடி எல்லாவற்றையும் 1080 புரோரெஸ்ஸாக மாற்றினேன். இரவு சாப்பிட்டுவிட்டுப் போட்டுவிட்டுப் படுத்தேன், காலையில் தயாராக இருந்தது. மாற்றிய பிறகு கட் பண்ணுவது பழைய எடியஸைவிடவும் லேசாக இருந்தது. கடைசியில் டிஎன்எக்ஸ்எச்ஆரில் வெளியே எடுத்து, ஹேண்ட்பிரேக் என்ற கருவியில் எம்பி4 ஆக்கினேன். வேலை நடக்கிறது. ஆனால் ஆவணியில் வாரம் மூன்று கல்யாணம் வந்தால் இந்த முன்னும் பின்னுமான இரண்டு படிகளுக்கு எனக்கு இரவு போதாது. கோயம்புத்தூர் வேலையும் இதில் நடக்காது.

மேக் மினி ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் முகூர்த்த மாதத்தில் அது நின்றுபோனால் என்ன செய்வேன்? இப்போது இருக்கும் சிஸ்டத்தில் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் போனாலும் ரேம் போனாலும் வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூர் போய் மாலைக்குள் மாற்றிக்கொண்டு வந்துவிடுவேன். இரண்டு முறை அப்படித்தான் தப்பித்திருக்கிறேன். மேக்கைத் திறந்து பார்க்க இங்கே ஆள் இல்லை.

அதனால் விண்டோஸ் 11. புது போர்டு, எஃப் இல்லாத ஐ5, 32 ஜிபி ரேம், ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி. கேபினெட், எஸ்எம்பிஎஸ், 1060 கார்டு, டிஸ்க் எல்லாம் பழையதே. ரிசால்வ் இலவசப் பதிப்பில் தொடங்கி, ஆவணி, தை முகூர்த்தம் முடிந்த பிறகு ஸ்டூடியோ பதிப்பு வாங்குவேன்.

நகரி எடிட்டர் · அடுத்த புதன் இரவு 10.40

நல்ல முடிவு அண்ணா. ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். 1060-க்கு நிவிடியாவின் வழக்கமான புது டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும். ஸ்டூடியோ பதிப்பு வாங்கும் காசோடு கார்டுக்கும் தனியாக எடுத்து வையுங்கள். ரெண்டர் ஓடும்போது அப்டேட் குறுக்கே வராமல் இருக்க, சீசன் தொடங்கும் முன்பே எல்லாம் ஏற்றிவிட்டு, அப்புறம் அப்டேட்டைச் சில வாரம் நிறுத்தி வையுங்கள். அந்த அமைப்பு விண்டோஸிலேயே இருக்கிறது.

குமுளி ட்ரோன் · வியாழன் காலை 6.10

ரிப்பேர் பற்றிச் சொன்னது சரிதான். குமுளியிலிருந்து ஒரு கேபிள் வாங்கவே நான் தேனி இறங்க வேண்டும்.

புளியரைக் கலரிஸ்ட் · வியாழன் காலை 8.20

பழைய போர்டும் 7700-உம் என்ன ஆகும்? விற்றுவிடாதீர்கள் அண்ணாச்சி. ஸ்டூடியோ உரிமம் வாங்கும்போது ஒரே கீ இரண்டு சிஸ்டத்தில் ஓடும், ஒன்று விண்டோஸ், ஒன்று லினக்ஸ் என்றாலும் சரி.

கொழிஞ்சாம்பாறை ஸ்டூடியோ · வியாழன் இரவு 9.00

விற்கவில்லை. அந்தப் பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸே போதும் என்று மகள் சொல்லிவிட்டாள். ஒரு பழைய கேபினெட் கிடைத்தது, அதில் லினக்ஸோடு மாட்டியாயிற்று. கல்யாணத்திலிருந்து வந்ததும் கார்டுகளை இரண்டு டிஸ்க்கில் காப்பி எடுப்பதும், தம்பியின் 4:2:2 கோப்புகளை இரவோடு இரவாக மாற்றி வைப்பதும் அதன் வேலை. பகலில் அவளுடையது. விண்டோஸ் 10 இருந்த டிஸ்க்கைக் கழற்றி, மேலே "எடியஸ் பழைய கல்யாணங்கள், நெட் இணைக்கக் கூடாது" என்று எழுதிப் பீரோவில் வைத்திருக்கிறேன்.

களியக்காவிளை அண்ணே, ரச்சனா இறக்கிவிட்டேன். ஆவணி முதல் முகூர்த்தம் நெம்மாறையில். மணமகளின் அம்மம்மா பெயரையும் டைட்டிலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பழைய லிபியில் போட்டு, படத்தை இங்கே காட்டுகிறேன். எழுத்து சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.